நம் வீட்டுச் சட்டத்தின் மறுபாதி

என் பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம், அப்பாவின் முதுகு மட்டும் நலமில்லை, அதுவும் ஞாயிற்றுக்கிழமை துணிக்கூடையைத் தூக்க வேண்டிய நேரம் பார்த்துத்தான் நலமில்லாமல் போகிறது. நீ நலமா என்று கேட்க மாட்டேன், கேட்டால் ‘இருக்கேம்மா’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால் இப்படிக் கேட்கிறேன், காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறாயா, காற்று அடிக்கிற அந்த ஜன்னலோரப் படுக்கையை மாற்றிக் கொடுத்தார்களா, சளி விட்டதா. மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும், மொத்தமாக ஒரு ‘ம்’ போட்டால் செல்லாது.

உன் மெயில் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஏன் இன்னும் பதில் இல்லை என்று நீ நினைத்திருப்பாய். ஃபோன்ல வேண்டாம்மா, உனக்குக் குரல் கம்மினா எனக்கும் கம்மிடும், யோசிச்சு எழுதி அனுப்பு என்று நீதானே சொன்னாய். யோசித்தேன், அதுதான் தாமதம். முதலில் எழுதியது முழுக்கத் திட்டு, அடுத்து எழுதியது முழுக்கக் கெஞ்சல். அப்பா இரண்டையும் படித்துவிட்டு, முதல் லெட்டரை அனுப்பினா அவ நம்மகூடப் பேசவே மாட்டா, ரெண்டாவதை அனுப்பினா அடுத்த வண்டியில வந்து இறங்கிடுவா, உனக்கு எது வேணும்னு முடிவு பண்ணிட்டு உட்காரு என்றார். எனக்கு எது வேண்டும் என்பதுதான் தெரியவில்லை, அதைக் கண்டுபிடிக்க இத்தனை நாள் ஆகிவிட்டது.

நீ எழுதியிருந்ததை மறுபடி மறுபடி படித்தேன். கட்டுரையைப் பேராசிரியை திருப்பிக் கொடுத்துவிட்டார், மாதக் கடைசிக்குள் திருத்தித் தராவிட்டால் அந்தப் பாடம் போச்சு, அதைத் திருத்துவதைவிட இந்தப் படிப்பையே விட்டுவிட்டு வந்து நம் தெருக்கோடி காலேஜில் கணக்குப் பதிவியல் சேர்ந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அது கூடப் பரவாயில்லை. எனக்குன்னு சொல்ல ஒண்ணுமே இல்லம்மா, மத்தவங்க சொன்னதைத் திருப்பிச் சொல்லத்தான் வருது என்று ஒரு வரி இருந்ததே, அதைப் படித்துவிட்டு ஆபீஸில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எதிர் நாற்காலிக்காரி, என்ன, வாடிக்கையாளர் ரொம்பத் திட்டிட்டாரா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், வீட்டு விஷயத்தை அங்கே எதற்குச் சொல்ல வேண்டும்.

ஆபீஸ் என்றதும் ஞாபகம் வருகிறது, புகார்ப் பிரிவில் இந்த வாரம் ஒருத்தர் எழுதியிருந்தார், எங்கள் கம்பெனி வாஷிங் மெஷின் துணி பிழியும்போது சமையலறையிலிருந்து குதித்துக் குதித்து ஹாலுக்கு வந்து டிவிக்கு முன்னால் நிற்கிறதாம், அவர் மாமனாருக்கும் அதே பழக்கமாம், இரண்டு பேரை வைத்துச் சமாளிக்க முடியவில்லையாம். என் சர்வீஸில் இந்தப் புகாருக்குத்தான் நான் சிரித்துக்கொண்டே பதில் எழுதினேன். மாமனார் பற்றி ஒன்றும் எழுதவில்லை, அவருக்கு உத்தரவாதக் காலம் முடிந்திருக்கும் என்று சின்னவள் சொல்கிறாள். அவள் வாய் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகிறது, பத்தாம் வகுப்புக்கு இவ்வளவு வாய் ஆகாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ மெயிலில் சேர்த்திருந்த கட்டுரையைப் பேராசிரியையின் குறிப்போடு ஆபீஸில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். அப்பா கடையிலிருந்து வந்ததும் கை கழுவிவிட்டு அதை எடுத்து எங்களுக்குச் சத்தமாக வாசித்தார். குடியிருப்புகளில் பொதுச் சலவை அறைகள் என்ற தலைப்பைப் பார்த்ததுமே, அட, நம்ம கீழ்த்தள லாண்டிரி ரூம் காலேஜ் வரைக்கும் போயிடுச்சே என்று ஒரே பெருமை. ஆதி மனிதன் ஆற்றங்கரையில் துணி துவைத்த காலம் முதல் என்று நீ ஆரம்பித்திருந்ததைக் கேட்டுச் சின்னவள், ஆதி மனுஷன் துணியே போடலியே, எதைத் துவைச்சான் என்றாள். அதற்கு மேல் அப்பாவால் வாசிக்க முடியவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு திரும்ப ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. கட்டுரை என்றால் உலகம் தோன்றியதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வரியை எடுத்துவிடு, ஆதி மனிதன் வருத்தப்பட மாட்டான்.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். சின்னவளின் கலர்ப் பேனாக்களில் இரண்டை எடுத்து, மற்றவர்கள் சொன்னதை நீ எழுதியிருக்கிற இடத்திலெல்லாம் நீலம், நீயாகச் சொன்ன இடத்திலெல்லாம் மஞ்சள் என்று பூசிக்கொண்டு போனேன். பன்னிரண்டு பக்கமும் கடல் மாதிரி ஆகிவிட்டது. மஞ்சள் விழுந்தது உன் பெயரில் மட்டும், அதுகூட நீயாக வைத்துக்கொண்டதில்லை, நாங்கள் வைத்தது என்றார் அப்பா. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் பேனாவை மூடிவிட்டு முதலிலிருந்து மறுபடி படித்தேன். ஏனென்றால் அந்த நீலம் மோசமான நீலம் இல்லை. பொதுச் சலவை அறை இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் நண்பர்கள் ஆகிறார்கள் என்று எழுதினவர் சொன்னதையும், அறை பொதுவானாலும் துவைக்கிற வேலை பெண்கள் தலையில்தான் விழுகிறது என்று எழுதின அம்மையார் சொன்னதையும், இடத்தை மிச்சம் பிடிக்கக் கட்டடக்காரர்கள் சொல்கிற சாக்குதான் இந்த நட்பு என்று எழுதின மூன்றாமவர் சொன்னதையும், அவரவர் நேரில் வந்து சொன்ன மாதிரி எழுதியிருக்கிறாய். படிக்கப் படிக்க, இந்தப் பழக்கம் எங்கேயோ பார்த்ததாக இருக்கிறதே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பாத்திரம் தேய்க்கும்போதுதான் பிடிபட்டது. அது நம் வீட்டுச் சட்டம்.

உனக்கு அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று ஞாபகம் இருக்காது, நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய். நான் புகார்ப் பிரிவில் சேர்ந்த புதிது, அங்கே முதலில் சொல்லிக் கொடுத்தது, பதில் கடிதத்தின் முதல் பத்தியில் வாடிக்கையாளரின் புகாரை அவரே படித்துவிட்டு ஆமாம், இதைத்தான் சொன்னேன் என்று தலையாட்டுகிற மாதிரி எழுத வேண்டும். அந்த வாரம் உங்கள் அப்பா கீழே மெஷினில் துணியைப் போட்டுவிட்டு மேலே வந்து கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்துவிட்டார், யாரோ நம் ஈரத்துணியையெல்லாம் எடுத்துத் தரையில் குவித்துவிட்டார்கள், எனக்கு வந்ததே கோபம். அவர் பதிலுக்கு வாயைத் திறந்தார், நான் விடவில்லை, முதல்ல நான் சொன்னதைச் சொல்லுங்க, அப்புறம் உங்க பதிலைச் சொல்லுங்க என்றேன். அவர் எழுந்து நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, என் குரலிலேயே, என்னை மாதிரியே மூக்கை விடைத்துக்கொண்டு அத்தனையையும் சொன்னார், ஒரு சொல் விடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சண்டை அதோடு முடிந்துவிட்டது. அன்றிலிருந்து நம் வீட்டில் யார் யாரோடு சண்டை போட்டாலும் எதிராளி சொன்னதை முதலில் அவர் ஒத்துக்கொள்ளும்படி சொல்லியாக வேண்டும். நீ சுற்றுலா போக வேண்டும் என்றபோதும் அதுதான், சின்னவள் தனிப் படுக்கை கேட்டபோதும் அதுதான்.

எவ்வளவு நல்ல சட்டம் என்று எல்லோரிடமும் பெருமை அடித்திருக்கிறேன். ஆனால் பார், அன்றைக்கு அப்பாவின் பதில் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் சொல்லவே இல்லை. நான் சிரித்ததும் விட்டுவிட்டார். உன்னுடைய சுற்றுலாவும் அப்படித்தான், என் பயத்தையெல்லாம் அவ்வளவு அழகாக எடுத்துச் சொன்னாய், சொல்லி முடித்ததும் நீயே, சரிம்மா, நான் போகலை என்றாய். நம் வீட்டில் எல்லாச் சண்டையும் முதல் பாதியிலேயே சுபமாக முடிந்துவிட்டது, மறுபாதி என்று ஒன்று இருந்ததே எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது. அந்த வீட்டில் வளர்ந்த பெண் காலேஜுக்குப் போய் மூன்று பேர் சொன்னதையும் அவர்கள் தலையாட்டும்படி எழுதிவிட்டு, சுபம் என்று பேனாவை மூடி வைத்துவிட்டாள். வேறு எந்த வீட்டுப் பெண்ணும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள். ஆபீஸில் நான் முதல் பத்தியோடு கடிதத்தை முடித்து அனுப்பினால் என்ன ஆகும் யோசித்துப் பார். உங்கள் மெஷின் ஹாலுக்கு வருகிறது, டிவியை மறைக்கிறது, இப்படிக்கு என்று கையெழுத்துப் போட்டால் அந்த மனிதர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைப்பார். அவருக்கு வேண்டியது இரண்டாவது பத்தி, ஆளை அனுப்புகிறேனா இல்லையா என்பது.

இன்னொன்று. பேராசிரியை, நீ எங்கே என்று கேட்டுட்டாங்கம்மா என்று மட்டும்தான் எனக்கு எழுதியிருந்தாய், நானும் யார் அந்தம்மா, என் பெண்ணைப் பார்த்து இப்படிக் கேட்க என்று கொதித்துக்கொண்டிருந்தேன். பிரிண்ட் எடுத்துப் பார்த்தால் அவர் எழுதியிருப்பது, மூவர் சொன்னதையும் அவர்களே மெச்சும்படி எழுதியிருக்கிறாய், வகுப்பில் வேறு யாரும் இவ்வளவு நியாயமாகப் படிக்கவில்லை, ஆனால் இதில் நீ எங்கே என்று. முன்னால் இருக்கிற அவ்வளவையும் தாண்டிப் போய்க் கடைசி இரண்டு வார்த்தையை மட்டும் படித்திருக்கிறாய். ஊரார் கட்டுரையையெல்லாம் வரி வரியாகப் படிக்கிறவள் தனக்கு வந்த குறிப்பை இப்படியா படிப்பது.

உனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்கிறாயே, போன மாதம் ஃபோனில் நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நண்பர்கள் ஆகிறார்கள் என்று எழுதின அந்த முதலாமவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, அங்க நின்னு பேசிக்கிட்டு இருந்தவங்ககிட்ட மட்டும் போய்க் கேட்டிருக்காரும்மா, துணியைப் போட்டுட்டு ஓடிப்போன நம்ம அப்பாகிட்ட யார் கேட்டா என்று சொன்னாய். நான் சிரித்தேன், நீயும் சிரித்தாய், அப்புறம் அதெல்லாம் கட்டுரையில எழுத முடியாதும்மா, அது சும்மா நம்ம பேச்சு என்றாய். நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர் எழுதியதைத் தேடி எடுத்துப் படித்தேன், காலேஜ் முடித்தவள்தானே நானும், ஆனால் இப்படி ஒன்றைப் படித்து எத்தனை வருஷம். நடுவில் சின்ன எழுத்தில், சலவை அறைகளில் காத்திருந்தவர்களிடம் கேட்டறியப்பட்டது என்று இருக்கிறது. நீ சொன்னதுதான். காத்திருக்கிறவர்கள் பேசத்தான் செய்வார்கள், ஓடிப்போனவர்களை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கீழே போய்ப் பார்த்தேன், ஆறு மெஷின் ஓடுகிறது, ஆள் ஒருத்தர்கூட இல்லை, எல்லோரும் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் அவர் சொல்வது முழுக்கத் தப்பு என்றும் எழுதிவிடாதே. நான் கடைசி வருஷப் பரீட்சை எழுதும்போது நீ கைக்குழந்தை, மூன்றாம் மாடி நர்ஸக்கா என்னிடம் பழக்கமானது அந்த லாண்டிரி ரூமில்தான், காலையில் உன்னை அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் பரீட்சைக்கு ஓடுவேன், அவள் உன்னைத் துணிக்கூடையில் படுக்க வைத்துக்கொண்டு மெஷினைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அந்தச் சத்தத்துக்கு நீ நன்றாகத் தூங்குவாயாம். நீ எங்கே என்று பேராசிரியை கேட்டால், நீ அங்கேதான் இருந்தாய், கூடைக்குள்.

நான் உனக்கு உதவுகிறேன் என்று நினைத்து முடிவுரை ஒன்று எழுதிப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எழுதி முடித்துவிட்டுப் படித்தால் கடைசி வரி, தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று வந்திருக்கிறது, கை தானாகப் போட்டிருக்கிறது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, பேராசிரியைக்கு ஆளை எப்ப அனுப்பறன்னும் போட்டுடு என்றார். கிழித்துப் போட்டேன். எழுத வேண்டியது நீ. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ஒன்றைப் படிக்கும்போது முதல் தடவை பேனாவே எடுக்காதே, படித்து முடித்துத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று வாய்விட்டுச் சொல், இது உனக்கு நன்றாக வரும். அடுத்த தடவை பென்சிலோடு உட்கார்ந்து சண்டைக்காரி மாதிரி படி, உனக்கு எப்படித் தெரியும், யாரைக் கேட்டாய், யாரை விட்டுவிட்டாய் என்று ஓரத்தில் கேட்டுக்கொண்டே போ. எழுதும்போது ஒவ்வொரு பத்தியிலும் முதல் வரி உன்னுடையதாக இருக்கட்டும், மற்றவர்களெல்லாம் உனக்குப் பின்னால் வந்து உட்காரட்டும், அவர்களுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டு நீ நின்றுகொண்டிருக்காதே. கருதப்படுகிறது, கூறப்படுகிறது என்று நீ எழுதின இடத்திலெல்லாம் அப்பா, யாரால, யாரால என்று கேட்டுக்கொண்டே இருந்தார், அந்தக் கேள்வியை நீயே கேட்டுக்கொள். முடித்தபிறகு சத்தமாக வாசி, அறைத் தோழி முறைத்தால் முறைக்கட்டும், மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டு. உங்கள் நூலகத்தில் கட்டுரை பார்த்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள் என்றாயே, வெட்கப்படாமல் போ, பேராசிரியையையும் போய்ப் பார், கேட்பதற்கு ஆள் இருக்கும்போது தனியாக உட்கார்ந்து அழுவது என்ன பழக்கம், என்னிடமிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

இப்போது சட்டப்படி நடக்கிறேன். நீ வீட்டுக்கு வருகிறேன் என்கிறாயே, அந்த உன் பக்கத்தை முதலில் நான் சொல்கிறேன், சரியா பார். வகுப்பில் எல்லோரும் கையைத் தூக்கிப் பேசுகிறார்கள், உனக்கு ஒவ்வொருத்தர் சொல்வதும் சரியாகப் படுகிறது, அதனால் வாயைத் திறக்க முடியவில்லை. ஒரு கட்டுரை திரும்பி வந்தது பெரிதில்லை, இனி வருகிறது எல்லாம் திரும்பி வரும் என்று பயம். கணக்கில் யாரும் நீ எங்கே என்று கேட்க மாட்டார்கள். இங்கே உன் படுக்கை இருக்கிறது, கதவைத் திறந்தால் ஆள் இருக்கிறது, அங்கே அறைக்குத் திரும்பினால் பேச ஆள் இல்லை. எங்களுக்கும் நீ இல்லாமல் கஷ்டம் என்று உனக்குத் தெரியும், வந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. இதுதானே. நீ தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது.

இந்த இடத்தில் நம் வீட்டில் வழக்கமாக என்ன நடக்கும், நான் சரி கண்ணு, வந்துடு என்பேன், நீ பெட்டி கட்டுவாய், சுபம். இந்தத் தடவை மறுபாதியும் உண்டு. என் பதில் இது. வராதே. கட்டுரையைத் திருத்திக் கொடு, அது தேறினாலும் தேறாவிட்டாலும் கொடு, கொடுத்த பிறகு உனக்குக் கணக்குதான் பிடிக்கிறது என்றால் நானே வந்து ஸ்டேஷனில் நின்று கூட்டிக்கொண்டு வருகிறேன், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வராதே, அது உண்மையில்லை. நீ எதையும் படித்தால் இதனால் யாருக்கு லாபம் என்று பார்க்க வேண்டும், அதனால் இந்தக் கடிதத்தையும் அப்படிப் பார். நீ வந்துவிட்டால் எனக்குத்தான் லாபம். உன்னைச் சேர்க்க வந்த அன்றைக்கு அலுவலகத்தில் இருந்தவர் என்னைப் பார்த்து, அக்காவா என்று கேட்டாரே, அப்படி ஒன்றாகவே திரிந்தோம், இந்த வருஷம் எனக்கு ஒரு கை இல்லாத மாதிரி இருக்கிறது, மூன்று தட்டு வைக்க வேண்டிய இடத்தில் இன்னும் நான்கு வைக்கிறேன். இவ்வளவு இருந்தும் வராதே என்று எழுதுகிறவளை நம்பலாம். அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன், அப்படின்னா என்னோட பதிலையும் இப்ப சொல்லலாமா என்றார். எந்தப் பதில் என்றேன். அன்னிக்கு மேட்ச் கடைசி ஓவர், அதான் கீழ போகலை என்றார். இத்தனை வருஷமாகக் காத்திருந்திருக்கிறார் மனிதர். அதெல்லாம் ஒரு பதிலா என்று கேட்டேன், நன்றாக ஒரு சண்டை போட்டோம், சின்னவள் நடுவராக இருந்தாள், வீடு கலகலவென்று இருந்தது.

நீ நன்றாக இருப்பாய், நன்றாக எழுதுவாய், உடம்பும் மனசும் தெம்பாக இருக்கட்டும், அம்மாவும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம், சின்னவளும் வாழ்த்துகிறாளாம், ஆதி மனிதனைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. எனக்குப் பதில் எழுதும்போது இரண்டு பத்தி வேண்டும், முதலில் நான் சொன்னது என்ன என்று சொல், அடுத்ததில் உன் பதிலைச் சொல், அம்மா சொல்றது தப்பு என்று இருந்தாலும் சரிதான், இருந்தால் நல்லது. கட்டுரைப் பிரிண்டை அந்த நீலக் கடலோடு இந்தக் கூரியரில் வைத்திருக்கிறேன். மஞ்சள் பேனாவையும் சேர்த்து வைத்திருக்கிறேன், மையெல்லாம் அப்படியே இருக்கிறது, இங்கே அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

இப்படிக்கு,
உன் இரண்டாவது பத்திக்காகக் காத்திருக்கும்
அம்மா